ஆளுக்கு நாலு எழுத்து

ஜூன் 17, செவ்வாய்

இது 2019-ஆம் வருட டைரி. ஓர் இருமல் மருந்துக் கம்பெனி எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து, ஆஸ்பத்திரி அப்பாவுக்குக் கொடுத்து, அப்பா அலமாரிக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருக்கிறது. கிழமைகளை அடித்துத் திருத்திக்கொள்கிறேன். பேச ஆளில்லாமல் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். கையெழுத்து திருந்துவதற்காக எழுதுகிறேன்.

இன்றைய செய்திகள். வாசிப்பது வினோதா, பதினொன்றாம் வகுப்பு.

வால்பாறையில் மழை விட்டு விட்டுப் பெய்கிறதாம். சொன்னவரை இங்கே வந்து ஒரு பாவாடை காயப்போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

எங்கள் எஸ்டேட் பள்ளியில் மிச்சமிருப்பது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். மற்ற இரண்டும் ஈரத்திலேயே மோட்சம் போய்விட்டன. இதற்கும் லீவில் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. பொள்ளாச்சி மெக்கானிக் வந்து புது டிஸ்க் மாட்டினார். மாட்டும்போது கரண்ட் இல்லை. "சி.டி.யப் போட்டு ஆன் பண்ணுங்க, அதுவா ஏறிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிவிட்டார். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இன்னொரு தடவை வரமாட்டார். கம்ப்யூட்டரோ சி.டி. பக்கமே திரும்பவில்லை. காலி டிஸ்கைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று இங்கிலீஷில் சொல்லி நின்றுவிடுகிறது. சி.டி.யையும் பார் என்று அதற்குச் சொல்ல செட்டப்புக்குள் போக வேண்டும். செட்டப்புக்குள் போக பாஸ்வேர்டு வேண்டும்.

"யாரு இதுல பாஸ்வேர்டு போட்டது?" என்றார் சகாயம் சார். அவர் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டரைக் கூடுதலாக அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

வகுப்பில் மொத்தம் ஏழு பேர். ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெயர் வாங்குவது சுலபம், அதை வைத்துக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

"பாதி நான் சார்."

"பாதின்னா?"

"எட்டு எழுத்து சார். மொத நாலு நானு, அடுத்த நாலு லீமா. நான் அடிக்கறப்போ அவ சுவத்தப் பாத்து நின்னா. அவ அடிக்கறப்போ நானு. உறுதி பண்ண இன்னொருக்கா கேட்டுச்சு, மறுபடியும் சுவரு. ஒருத்திய மட்டும் மிரட்டி வாங்கிட முடியாதுல்ல சார்?"

"எதுக்கு இந்த வேலை?"

"பத்தாவது முடியுதே, ஞாபகார்த்தமா ஏதாவது செய்யலாம்னு..."

"மிச்சப் பாதி இப்ப எங்க?"

"திருப்பூர்ல சார்."

சார் முகம், மீதி வராத வகுத்தல் கணக்குக்கு மீதி வந்ததைப் போல ஆகிவிட்டது. ஜூலை 16 கல்வித் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். ஒரு கம்ப்யூட்டராவது ஓடவில்லை என்றால் கம்ப்யூட்டர் குரூப்பை மூடிவிட்டு எங்கள் ஏழு பேரையும் டவுன் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். "உன் கூட்டாளிதானே, போன் போட்டுக் கேளு" என்றார்.

சரி சார் என்றேன். மே ஐந்தாம் தேதி லீமா வீட்டார் லாரி ஏறியதிலிருந்து அவளிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை என்பதைச் சொல்லவில்லை. இன்றோடு நாற்பத்து மூன்று நாள். நான் எண்ணவில்லை. டைரியில் கட்டம் போட்டிருக்கிறது, தானாகத் தெரிகிறது.

ஜூன் 18, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஊகித்து ஊகித்து அடித்தேன். என் பாதியை சார் கேட்டார். ராணுவ ரகசியம் என்றேன். ஆங்கில எழுத்தில் 'போடா'. கணக்காக நாலு எழுத்து. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

லீமா பாதிக்கு முதலில் 'போடி' போட்டேன். அவளை எனக்குத் தெரியும், அதுதான் போட்டிருப்பாள். இல்லை. 'அம்மா', 'ஏசு', 'டாட்டா', எதுவும் இல்லை. மூன்று தடவை தப்பானால் கம்ப்யூட்டர் உறைந்துபோய்விடும். அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி மூன்று. ஐம்பத்தொரு தடவை முயன்றேன். பாஸ்வேர்டு என்று பெயர், நான்தான் பாஸ் ஆகவில்லை.

அவளை எனக்குத் தெரியும் என்று மேலே எழுதியிருக்கிறேன். கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜூன் 20, வெள்ளி

சார் நாற்காலியில் சாக்பீஸ் பொடி தூவினேன். உட்கார்ந்தார், எழுந்தார், பலகைப் பக்கம் திரும்பினார். பின்னால் பூரண சந்திரன். பார்த்தியா என்று இடித்துக் காட்ட முழங்கையை நீட்டினேன். பெஞ்சில் என் புத்தகப் பைதான் இருந்தது.

முன்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அவர்கள் எதற்கும் சிரிப்பார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவோடு டவுன் சந்தைக்குப் போனேன். அம்மா கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் செல்போன் கடை ரஃபீக் அண்ணனிடம் கேட்டேன்.

"இது ஒரு விசயமா? பெட்டியத் தெறந்தா உள்ள வட்டமா காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். கழட்டி அரை மணி நேரம் வெளிய வை. திருப்பிப் போடு. பாஸ்வேர்டு கீஸ்வேர்டு எல்லாம் அதுக்கு மறந்து போயிரும். பழைய பெட்டிதானே? கண்டிப்பா போயிரும்."

"அரை மணி நேரமா?"

"அவசரப்பட்டுப் பத்து செகண்டுல திருப்பிப் போட்டுராத. அதுக்குள்ள கொஞ்சம் கரண்ட் தங்கி நிக்கும், மறக்காது."

இவ்வளவுதானா என்று இருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ் ஜன்னல் ஈரத்தில் விரலால் நாலு கட்டம் போட்டேன், கோணலாக வந்தது. வளைவு அதிகம்.

ஜூன் 24, செவ்வாய்

ரஃபீக் அண்ணன் சொன்னதை சாரிடம் சொன்னேன். அரை மணி நேர விஷயம் வாயில் வரவில்லை. சார் பெட்டியைத் திறக்கப் பயந்து, தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, சிலுவைக்குறி போட்டுவிட்டு ஸ்குரூடிரைவரை என் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு பல்லி முட்டையும் கால் கிலோ தூசியும். பேட்டரியைக் கழற்றினேன். பத்து எண்ணினேன். கொஞ்சம் வேகமாகவே எண்ணினேன். திருப்பிப் போட்டேன்.

பாஸ்வேர்டு கேட்டது.

"மறக்கலியே?" என்றார் சார்.

"மறக்கல சார்."

"அப்ப அந்தப் பொண்ணுதான் வழி."

"ஆமா சார். லீமாதான் வழி."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வதற்குச் சிரமப்பட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

பாக்கியம் சித்தி போனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். பாக்கியம் சித்தி லீமாவின் அம்மா. எஸ்டேட் லைன் வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடாக இருந்தவர்கள். சித்திக்கு வாசிக்கத் தெரியாது, ஆகவே லீமாதான் பார்க்க வேண்டும்.

முதல் செய்தி: "நாலு எழுத்து கடன் வேணும். வட்டியோட எட்டா திருப்பித் தரேன்."

இரண்டாவது: "சார் முடி ஒரு நாளைக்கு நாலு கொட்டுது. இருக்கறதே நாப்பது."

மூன்றாவது: "ஆய்வுக்கு ஆள் வராங்க. நெசமா."

மூன்றிலும் டிக் நீலமானது. நீலம் அழகான நிறம்.

ஜூன் 30, திங்கள்

எனக்கு எல்லார் குரலும் வரும். சகாயம் சார் தொண்டையில் ஒரு சாக்பீஸ் சிக்கியிருக்கும். தேயிலை எடை போடும் சூப்பர்வைசர் ஒவ்வொரு பேச்சையும் 'என்னான்னா' என்று தொடங்குவார். எல்லாவற்றிலும் சுலபம் லீமா. மூக்கில் தொடங்கி, 'மா' வரும்போது இழுத்து, கடைசியில் லேசாக உடைய வேண்டும்.

இன்று பாத்திரம் கழுவும்போது சும்மா அந்தக் குரலில் "அம்மா, சோப்பு எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"யாரு, லீமாவா வந்திருக்கு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். கையில் கரண்டி. என்னைப் பார்த்து நின்றாள்.

"அந்தக் குரல்ல பேசாத புள்ள. பாக்கியம் ஞாபகம் வருது."

சரிம்மா என்று என் குரலில் சொன்னேன். என் குரலை ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜூலை 2, புதன்

மழை. பதினொன்றாவது செய்தி அனுப்பினேன். நீலம்.

ஜூலை 5, சனி

பாக்கியம் சித்தி அம்மாவுக்கு போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு அரிசி களைந்தாள். நான் வாசலில் நின்று செருப்புச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"கை எப்படி இருக்கு பாக்கியம்?"

"மணிக்கட்டு மடங்க மாட்டேங்குதுக்கா. கம்பெனில தையலுக்கு எடுக்கல, பிசிறு வெட்டறதுக்குத்தான் எடுத்திருக்காங்க. எடது கையால வெட்டுறேன். கொழுந்து பறிச்ச கை, இப்பக் கத்திரி புடிக்க யோசிக்குது."

"லீமா படிக்குதா?"

"பள்ளிக்கூடம் போறா. போனத்தான் நான் அவ கையில குடுக்கறதில்ல. பாடத்துக்குன்னு பத்து நிமிசம், அதுவும் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு. யாருக்காவது போன் போட்டு ஆனை வருதுன்னு கொன்னுப்போட்டா? பெத்த தாயவே இந்தக் கதி பண்ணினவ. எம் பொண்ணுதான், ஆனா நம்ப முடியலக்கா."

"சின்னப் புள்ளை, விளையாட்டுக்குப் பண்ணிருச்சு."

"ஆமாக்கா. ஒத்துக்கிட்டாளே, அது வரைக்கும் சரிதான்."

செருப்பில் சேறே இல்லை. சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

சரி. எழுதுகிறேன்.

ஏப்ரல் ஒன்று. பத்தாவது பரீட்சைக்கு நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறரை. அந்த வாரம் மூன்று ஆனைகள் கீழ்க்காட்டில் நின்றுகொண்டிருந்தன. ஆனையைப் பார்ப்பவர்கள் அடுத்த வீட்டுக்கு போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் லைன் வழக்கம். அந்த வீட்டார் அதற்கடுத்த வீட்டுக்கு. எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்வோம்.

லீமா குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தாள். நான் அம்மா போனில் பாக்கியம் சித்தியைக் கூப்பிட்டேன். லீமா வெளியே போகும்போது எங்கள் போனைக் கேட்டு வாங்கிப்போவது வழக்கம்தான், அதனால் எண்ணைப் பார்த்து சித்திக்குச் சந்தேகம் வராது. மூக்கில் தொடங்கினேன். "அம்மா, ஆனைம்மா. குழாய்கிட்ட நிக்குது. என்னால வர முடியலம்மா." கடைசி 'மா'வை உடைத்தேன். அதுவரை நான் செய்ததிலேயே சிறந்த குரல் அது.

சித்தி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், லீமா குடத்தோடு வந்து தட்டுவாள், ஏப்ரல் ஃபூல் என்று நான் கத்துவேன். இதுதான் என் திட்டம். ஆனை வருகிறது என்றால் வழக்கப்படி கதவைச் சாத்த வேண்டும். சித்தி திறந்துகொண்டு ஓடினார். கையில் ஒரு தட்டும் கரண்டியும், ஆனையை விரட்ட. பாசி பிடித்த படி. நாலாவது படியிலிருந்து கடைசிப் படி வரை போனார். எலும்பு வெளியே தெரியவில்லை, கை மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் கூடிவிட்டார்கள். லீமா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஏன்டி போன் பண்ணின? ஆனை எங்கடி?" என்று சித்தி தரையில் கிடந்தபடி கேட்டார்.

லீமா என்னைப் பார்த்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன் என்று இங்கே எழுத ஆசை. நான் திறக்கவில்லை. சித்தி பக்கம் திரும்பி அவள் சொன்னாள், "விளையாட்டுக்கும்மா."

அவள் அப்பா அத்தனை பேர் முன்னால் அடித்தார். நான் குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். நான் செய்த உதவி அது.

அப்புறம் மூன்று நாள் அவள் என்னோடு பேசினாள். பரீட்சை பற்றி மட்டும். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்தது. நாலாம் நாளிலிருந்து பேசவில்லை. கை சரியாகக் கூடவில்லை, எஸ்டேட் வேலை போயிற்று, மே ஐந்தாம் தேதி லாரி.

எல்லாரும்தான் திருப்பூர் போகிறார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, புதன்

பள்ளி விட்டு வந்ததும் அம்மா போனை எடுத்துக்கொண்டு தேயிலைக் காட்டு மேட்டுக்குப் போனேன். அங்கேதான் டவர் கிடைக்கும். மாலை ஐந்து மணி, சித்திக்கு டீ நேரம்.

"யாரு, வினோதாவா? கண்ணு, எப்படிடா இருக்க? உன் பேச்சக் கேட்டு எத்தன நாளாச்சு. ஒரு நாளாவது இந்தச் சித்திக்கு போன் பண்ணணும்னு தோணலையே உனக்கு."

"சித்தி..."

"சொல்லுடா. நான் கம்பெனில இருக்கேன், லீமா இங்க இல்ல. ஏதோ கம்ப்யூட்டர் எழுத்து கேட்டியாமே? வீட்டுக்குப் போனதும் சொல்லச் சொல்றேன், திட்டியாவது சொல்லச் சொல்றேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நாலு எழுத்து கிடைத்திருக்கும்.

"எழுத்துக்கு இல்ல சித்தி. அன்னைக்கு போன் பண்ணினது லீமா இல்ல. நானு."

"என்னிக்கு?"

"ஆனைன்னு சொன்னது. அவ குரல்ல நான்தான் பேசினேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

சித்திக்குப் பின்னால் ஒரு மிஷின் ஓடி நின்றது. யாரோ "பாக்கியம், டீ ஆறுது" என்றார்கள்.

"அவ ஒத்துக்கிட்டாளே" என்றார் சித்தி.

"எனக்காகச் சித்தி."

"நான் அவள எப்படியெல்லாம்..." என்று தொடங்கி நிறுத்தினார். "நீயும் பக்கத்துல தானே நின்ன?"

"ஆமா சித்தி."

"என் தலையத் தூக்கி மடியில வச்சது நீதானே?"

அதை நான் மறந்திருந்தேன். ஆமாம் என்றேன். போன் வைக்கப்பட்டது. எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் தோன்றும். மேட்டிலிருந்து வீடு வரை வந்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 10, வியாழன்

அம்மா அப்பாவிடமும் சொன்னேன். அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். சோறு போட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

ஐந்து நாளாகத் திருப்பூரிலிருந்து ஒன்றுமில்லை. நானும் ஒன்றும் அனுப்பவில்லை.

சாரிடம் போய் பெட்டியைத் திறக்கணும் சார் என்றேன்.

"அதான் அன்னைக்கே தெறந்து பாத்தாச்சே."

"அரை மணி நேரம் வெளிய வைக்கணும் சார். நான் பத்து எண்ணறதுக்குள்ள போட்டுட்டேன். வேணும்னே."

சார் சாக்பீஸைக் கீழே போட்டார். "அடிப்பாவி! மூணு வாரமா நான் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருக்கேன்! ஏன்?"

பதிலைக் கேட்க அவருக்கு நேரமில்லை, ஸ்குரூடிரைவரைத் தேடி ஓடினார்.

பேட்டரியைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். சின்னது, ஒரு ரூபாய்க் காசு மாதிரி. சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம் ஆனபோது, அந்த எழுத்துகள் இன்னும் உள்ளே இருக்குமோ என்று நினைத்தேன். அன்று லீமா சுவரைப் பார்த்து நின்றபோது, சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது. அவள் நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தாள், சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. இருபது நிமிஷம். இப்போது திருப்பிப் போட்டால்கூட ஒருவேளை இருக்கும். கையை இரண்டு தொடைக்கும் கீழே வைத்து அழுத்திக்கொண்டேன். முப்பது. சார் போதும் என்றார். இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கட்டும் சார் என்றேன்.

ஆன் செய்தோம். எதுவும் கேட்காமல் செட்டப் திறந்தது. நீலத் திரை. தேதி 2002 ஜனவரி ஒன்று என்றது. இன்றைய தேதியை அடித்தேன். சி.டி.யை முதலில் பார் என்று மாற்றினேன். சேமித்தேன். ஏறத் தொடங்கியது.

சார் கை தட்டினார். பையன்கள் ஜன்னலில் நின்று விசிலடித்தார்கள். என்ன எழுத்து அது என்று இனி யாருக்கும் தெரியாது. அவளைத் தவிர.

ஜூலை 16, புதன்

ஆய்வு. கம்ப்யூட்டர் ஓடியது. குரூப் இருக்கும். வந்த அம்மையார் அரை மணி நேரம் கழிவறையைப் பற்றிப் பேசிவிட்டு, கம்ப்யூட்டரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

ஜூலை 20, ஞாயிறு

மழை கொஞ்சம் விட்டிருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா போனைக் கொண்டுவந்து என் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிவிட்டுப் போனாள்.

"நான்தான்" என்றாள் லீமா.

நிஜக் குரல். நான் செய்வது போலவே இல்லை. மூக்கே இல்லை அதில்.

"அம்மா போனக் குடுத்துட்டாங்க. பக்கத்துல உக்காரல" என்றாள்.

"சித்தி என்னைத் திட்டினாங்களா?"

"உன்னைப் பத்திப் பேசவே இல்ல. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. கையப் புடிச்சுக்கிட்டு, அந்தக் கையால. பெத்தவங்க அப்படிக் கேட்டா எப்படி இருக்கும் தெரியுமா உனக்கு? அடி வாங்கினப்பகூட நான் அப்படி அழல. அதுக்குத்தான்டி உம்மேல எனக்கு இப்பக் கோவம். முன்னாடி இருந்தது வேற."

"ரெண்டும் சேத்து இருக்கட்டும்."

"இருக்கும்."

சட்டையிலிருந்து தண்ணீர் என் கால் மேல் சொட்டியது. நகரவில்லை.

"சரி, எழுதிக்கோ. நாலு எழுத்து. சார் பாவம்."

பேனா தேடுவது போல நடித்திருக்கலாம். ஆஹா, திறந்துவிட்டது என்று கத்தியிருக்கலாம். ரொம்ப நன்றாகச் செய்திருப்பேன்.

"வேணாம் லீமா. தெறந்தாச்சு. பேட்டரியக் கழட்டி மொத்தத்தையும் அழிச்சிட்டேன்."

"என்னோடதையுமா?"

"ரெண்டு பேரோடதையும்."

"கழட்டினா போயிரும்னு எப்பத் தெரியும் உனக்கு?"

"ஜூன்லயே."

"அப்புறம் எதுக்குடி பதினொரு மெசேஜ்?"

கையிலிருந்த சட்டையை மறுபடி பிழிந்தேன். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவள் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"உங்கூடப் பேசறதா இல்ல நான்" என்றாள்.

"சரி."

"வைக்கப்போறேன்."

"சரி."

கையிலிருந்த சட்டையைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றேன். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டினார்கள், ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்தது, அவள் மூச்சு கேட்டது. அப்புறம் சார்ஜ் தீர்ந்து எங்கள் போன்தான் அணைந்தது.

சார்ஜ் போட்டுப் பார்த்தேன். பதினாலு நிமிஷம் என்று காட்டியது. பேசியது மூன்று நிமிஷம் இருக்கும்.